துபாயில் வார இறுதிக் காலை: ஓட்டல் பிரன்சா, கராமா டிபனா, பழைய நகரத்துக் காலை உணவா?

துபாய்க்கு வேலைக்கு வந்து கொஞ்ச நாள் ஆனதும் அலுவலகத்தில் யாராவது கேட்டுவிடுவார்கள்: "சனிக்கிழமை பிரன்ச் வர்றீங்களா?" ஓட்டலில் ஒரே கட்டணத்தில் அளவில்லாமல் சாப்பிடும் அந்த விருந்துக்கு அவர்கள் அனுப்பும் சுட்டியைத் திறந்தால் தலைக்கு 300 திர்ஹாம், 450 திர்ஹாம் என்று போட்டிருக்கும். மனசு உடனே ரூபாய்க்கு மாற்றிப் பார்க்கும். ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் நினைவுக்கு வரும். மாட்டேன் என்று சொன்னால் ஒதுங்கிப் போகிறவர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கமும் கூடவே வரும்.

போகலாமா வேண்டாமா என்பதோடு இந்தக் கேள்வி முடிவதில்லை. வாரம் முழுக்க ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிட்டுவிட்டு ஓடுகிற நமக்கு, எல்லோரும் சேர்ந்து அவசரமில்லாமல் உட்காரக் கிடைப்பது ஒரு காலை, அதிகம் போனால் இரண்டு. அதைக் கொடுக்கத் தகுந்த இடம் எது என்று யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நான் இங்கே குடும்பத்தோடு இருப்பவன். ஊரிலிருந்து வரும் பெற்றோரையும், தனி அறையில் தங்கியிருக்கும் தம்பிமார்களையும், சைவ நண்பர்களையும் அழைத்துக்கொண்டு சுற்றுபவன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண வாரங்களுக்கு லெபனான் பாணிக் காலை உணவு அல்லது இந்த நாட்டுக்காரர்களான எமிராத்திகளின் காலை உணவு. அப்பா அம்மா வந்திருந்தால் நம்மூர்க் கடைகள் நிறைந்த கராமா பகுதி. ஓட்டல் பிரன்ச் வருஷத்தில் ஏதோ ஒரு விசேஷத்துக்குப் போதும். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் நாள் கணக்கு. பழைய ஆட்கள் "வெள்ளிக்கிழமை பிரன்ச்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 2006 வரை இங்கே அரசு விடுமுறை வியாழனும் வெள்ளியும். பிறகு வெள்ளியும் சனியும் ஆனது. 2022 ஜனவரியிலிருந்து சனியும் ஞாயிறும் முழு விடுமுறை, வெள்ளி அரை நாள் வேலை என்று மாறியது. தனியார் நிறுவனங்களில் பெரும்பாலானவை அதன் பின்னால் வந்தன, பிரன்சும் சனிக்கிழமைக்கு நகர்ந்தது. ஷார்ஜாவில் மட்டும் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் லீவு. நண்பர்கள் கூட்டத்தில் ஒருவர் ஷார்ஜா அரசுப் பள்ளியில் வேலை, இன்னொருவர் வாரத்துக்கு ஆறு நாள் கடை வேலை என்றால், எல்லோருக்கும் பொதுவாக மிஞ்சுவது ஞாயிறுதான். ஓட்டல் பிரன்ச்சுகளில் பல சனிக்கிழமை மட்டும் நடப்பவை. கூட்டத்தில் ஆறு நாள் வேலைக்காரர் ஒருவர் இருந்தாலே அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

ஓட்டல் பிரன்ச் எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்கு: அது காலை உணவே இல்லை. பகல் பன்னிரண்டரைக்கோ ஒரு மணிக்கோ தொடங்கி நான்கு மணிவரை போகும் பெரிய மதிய விருந்து. ஒரு கட்டணம், அளவில்லாத சாப்பாடு. கடல் உணவுக்கு ஒரு மேசை, முழுதாக வாட்டிய இறைச்சியை வெட்டித் தர ஒருவர், சுஷி, சீஸ், பாஸ்தா, அரபு கிரில், ஒரு மூலையில் பிரியாணி, கடைசியில் இனிப்புகளுக்கென்றே தனி அறை. பாட்டுக் கச்சேரி இருக்கும். குழந்தைகளுக்கு முகத்தில் வண்ணம் தீட்ட ஆள் இருப்பார். கட்டணம் நீங்கள் என்ன குடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. குளிர்பானம் மட்டும் என்றால் நடுத்தரமான நல்ல ஓட்டலில் 200 முதல் 400 திர்ஹாம், மது சேர்த்தால் அதற்கு மேல் நூறு நூற்றைம்பது, ஷாம்பெயின் என்றால் இன்னும் மேலே. சிறு குழந்தைகளுக்கு இலவசம், கொஞ்சம் பெரியவர்களுக்குப் பாதி என்பது பொதுவான வழக்கம். வயது வரம்பு ஓட்டலுக்கு ஓட்டல் மாறும் என்பதால் முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள். விலையில் வாட் வரி 5 சதவீதம், மாநகராட்சிக் கட்டணம், சேவைக் கட்டணம் எல்லாம் அடக்கமா என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் அடக்கியே சொல்வார்கள். இல்லையென்றால் ரசீது வரும்போது பெரிய வித்தியாசம் தெரியும்.

இந்தப் பணத்துக்கு அது தகுமா? சாப்பாட்டை மட்டும் கணக்கில் எடுத்தால் எனக்குத் தகவில்லை. அங்கே காசு போவது சிப்பி, இறால், நண்டு, மாட்டிறைச்சி, மது இவற்றுக்குத்தான். சைவம் சாப்பிடுபவர் அதே 300 திர்ஹாமைக் கொடுத்துவிட்டு சாலட், கொண்டைக்கடலை அரைத்த ஹம்முஸ், பனீர் கறி, ஐஸ்கிரீம் என்று முடித்துக்கொள்கிறார். மது தொடாதவருக்கும் ஏறக்குறைய இதே கதை. நம் நண்பர் கூட்டங்களில் இந்த இரண்டு வகையினரும் தாராளமாக இருக்கிறார்கள். மது பரிமாறும் மேசையில் உட்கார விரும்பாத முஸ்லிம் நண்பர்களும் இருக்கிறார்கள். பன்றி இறைச்சியைத் தனியாக, பெயர் எழுதித்தான் வைப்பார்கள் என்றாலும் சிலருக்கு அந்தக் கூடமே ஒட்டாது. ஒரே மேசையில் எல்லோரையும் உட்காரவைக்கத்தான் வெளியே கிளம்புகிறோம். அதில் இருவர் மனசுக்குள் சங்கடப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அங்கே போய் என்ன பயன்?

மது பேக்கேஜ் எடுப்பவர்களுக்கு இரண்டு விஷயம். துபாயில் மது அருந்த 21 வயது ஆகியிருக்க வேண்டும். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதில் இங்கே "கொஞ்சம்தானே" என்ற பேச்சுக்கே இடமில்லை. வரம்பு பூஜ்யம். வேலை, விசா, குடும்பம் எல்லாம் ஒரே நாளில் ஆடிப்போகும். டாக்சிக் காசையும் சேர்த்துத்தான் பிரன்ச் கணக்கைப் போட வேண்டும்.

ஆனாலும் ஓட்டல் பிரன்ச்சுக்கு ஏற்ற தருணங்களும் இருக்கின்றன. நாட்டை விட்டே கிளம்பும் நண்பருக்கு வழியனுப்பு, பத்துப் பதினைந்து பேர் சேரும் பிறந்த நாள், சமைத்துச் சமைத்துக் களைத்த வீட்டுப் பெண்கள் நாள் முழுக்கப் பாத்திரத்தைத் தொடாமல் இருக்க ஒரு சனிக்கிழமை. மூன்றரை மணி நேரம் யாரும் எழுப்ப மாட்டார்கள். குழந்தைகள் ஓடலாம். அந்த நேரத்துக்கும் இடத்துக்கும் சேர்த்துக் கொடுக்கும் பணம் என்று பார்த்தால் நியாயம்தான். போவதாக இருந்தால் நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள், தோட்டமோ கடற்கரையோ உள்ள இடமாகப் பார்த்துப் போங்கள். 2001இல் துபாயில் கூப்பன் புத்தகமாகத் தொடங்கி இப்போது செயலியாக இருக்கும் தி என்டர்டெய்னர் போன்றவற்றில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற சலுகை கிடைக்கும். எந்த நாளுக்குச் செல்லும் என்று படித்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள்.

ஜுமைரா, அல் வஸ்ல் சாலைப் பக்கம், அல் கூஸ் கிடங்குகளுக்கு நடுவே இருக்கும் கஃபேக்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. அவகாடோ தடவிய ரொட்டி, பாதி வெந்த முட்டை, நல்ல காபி. தலைக்கு 60 முதல் 90 திர்ஹாம் ஆகும். காபி உண்மையிலேயே நன்றாக இருக்கும். ஒரு நண்பரோடு மனம்விட்டுப் பேச வேண்டும், மடிக்கணினியைத் திறக்க வேண்டும் என்றால் சரி. நாலு பேர் குடும்பத்துக்கு, பசியோடு போனால், அந்தக் காசுக்கு வயிறு நிறையாது. அல் கூஸில் அல்செர்கல் அவென்யூவில் ஓவியக் கூடங்களைப் பார்த்துவிட்டு அப்படியே ஒரு காபி குடிக்கலாம். அந்த வகையில் மட்டும் பரிந்துரைக்கிறேன்.

கராமாவுக்கு வருவோம். சரவண பவன் இந்தியாவுக்கு வெளியே திறந்த முதல் கிளை 2000இல் துபாயில்தான். அதற்குப் பிறகு சங்கீதா, அஞ்சப்பர், கோழிக்கோட்டு பாரகன் என்று கராமாவும் பர் துபாயும் நமக்கு ஒரு குட்டி ஊராகவே ஆகிவிட்டன. இட்லி, பொங்கல், வடை, பில்டர் காபி என்று சாப்பிட்டு எழுந்தால் தலைக்கு 20, 30 திர்ஹாம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் மறு பேச்சே இல்லை, கராமாதான். விமானத்தில் சரியாகச் சாப்பிடாமல், புது ஊரில் எதைத் தொடலாம் என்று தெரியாமல் இருப்பவர்களுக்குச் சூடான பொங்கலைப் பார்த்ததும் முகம் மாறும். அந்த முகத்துக்காகவே போகலாம். அசைவத்துக்கு ஆப்பமும் கறியும் உண்டு. இலங்கைக் கடைகளில் இடியப்பமும் சம்பலும் கிடைக்கும்.

ஆனால் ஒவ்வொரு வாரமும் அங்கேயே போவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒன்று, உட்கார முடியாது. ஒன்பது மணிக்கு மேல் வாசலில் பெயர் கொடுத்துவிட்டு நிற்கும் குடும்பங்களின் பார்வை நம் தட்டிலேயே இருக்கும்; காபி டம்ளரை வைத்ததும் ரசீது வந்துவிடும். அவர்களைக் குறை சொல்ல முடியாது, கூட்டம் அப்படி. நிதானமாகப் பேசத்தான் வெளியே வந்தோம் என்றால் அது அங்கே நடக்காது. இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியம். வீட்டில் வாரம் முழுக்க இட்லி, தோசை. வெளியே போனாலும் இட்லி, தோசை. இந்த மண்ணில் பத்துப் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு, இங்கே பிறந்து வளரும் பிள்ளைகளுக்குக்கூட இந்த நாட்டுக்காரர்கள் காலையில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் ஊர் திரும்பும் குடும்பங்களைப் பார்க்கிறேன். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. சம்பளம் தந்த ஊரின் சோற்றை ஒரு தடவையாவது ருசித்துப் பார்க்க வேண்டாமா?

கோயிலுக்குப் போய்விட்டுச் சாப்பிடும் வழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. முன்பு பர் துபாய் கோயிலில் கும்பிட்டுவிட்டு நடந்தே போய்ச் சாப்பிடலாம். 2022 அக்டோபரில் ஜெபல் அலியில் புதிய கோயில் திறந்தபிறகு கூட்டம் அங்கே போய்விட்டது. அங்கிருந்து கராமாவுக்குத் திரும்பி வருவது நீண்ட தூரம். டிஸ்கவரி கார்டன்ஸ் பக்கத்திலேயே நம்மூர்க் கடைகள் இருக்கின்றன. கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் குருத்வாராவில் லங்கர் உண்டு. யார் வந்தாலும் தரையில் வரிசையாக உட்காரவைத்துச் சாப்பாடு போடுகிறார்கள். தலையை மூடிக்கொண்டு மரியாதையோடு போங்கள்.

இனி லெபனான், சிரியா, பாலஸ்தீனப் பக்கத்துக் காலை உணவு. துபாயில் எந்தப் பகுதியில் இருந்தாலும் பத்து நிமிஷத்தில் ஒரு மனாகிஷ் அடுப்பு இருக்கும். மாவைத் தட்டி, ஆலிவ் எண்ணெயில் குழைத்த ஸாத்தரைத் தடவிச் சூட்டில் போட்டு எடுப்பார்கள். ஸாத்தர் என்பது ஒரு வகைக் காட்டு மூலிகை, எள், புளிப்பான சுமாக் சேர்ந்த பொடி. நம் நாக்குக்கு அந்தப் புளிப்பும் எள்ளும் முதல் கடியிலேயே பழகிவிடும். கடையில் நின்று வாங்கினால் ஒரு மனாகிஷ் 10 திர்ஹாமை ஒட்டி. உட்கார்ந்து சாப்பிடும் இடமென்றால் ஃபூல், ஹம்முஸ், வடை போலப் பொரித்த ஃபலாஃபல், கெட்டித் தயிரான லப்னே, ஒலிவக்காய், தக்காளி, வெள்ளரி, புதினா எல்லாம் சின்னச் சின்னத் தட்டுகளில் வந்து மேசை நிறையும். ஃபூல் என்பது பெரிய மொச்சை போன்ற ஒரு பயறு. குழைய வேகவைத்து எலுமிச்சை, சீரகம், பூண்டு, எண்ணெய் ஊற்றித் தருவார்கள். ஃபத்தே என்று ஒன்று உண்டு, தவறவிடாதீர்கள்: மொறுமொறுப்பான ரொட்டித் துண்டு, வெந்த கொண்டைக்கடலை, அதன்மேல் பூண்டு சேர்த்த தயிர், மேலே நெய்யில் வறுத்த பைன் பருப்பு. தயிர் வடை பிடிக்கும் யாருக்கும் இது பிடிக்கும்.

குடும்பமாகவும் கூட்டமாகவும் போக இதைவிட வசதியானது எனக்குத் தெரிந்து வேறு இல்லை. ஃபூல், ஹம்முஸ், ஃபலாஃபல், ஸாத்தர் மனாகிஷ் எல்லாமே சைவம், அதுவும் பால்கூடச் சேராத சைவம். பக்கத்திலேயே அசைவக்காரர் இறைச்சி மனாகிஷோ தொத்திறைச்சி முட்டையோ சாப்பிடலாம். எல்லாம் ஹலால். எல்லாம் நடுவில் வைத்துப் பிய்த்துச் சாப்பிடுவது என்பதால் "உனக்கு என்ன, எனக்கு என்ன" என்ற பிரிவே இல்லை. நான்கு பேர் வயிறாரச் சாப்பிட்டு, புதினா போட்ட தேநீர் குடித்தாலும் 120, 150 திர்ஹாமுக்குள் முடிந்துவிடும். அதே நான்கு பேர் ஓட்டல் பிரன்ச்சுக்குப் போனால், பிள்ளைகள் இருவருக்குப் பாதிக் கட்டணம் என்றே வைத்தாலும், 300 திர்ஹாம் விலையில் 900 ஆகிறது. காரத்துக்குப் பழகிய நாக்குக்கு இரண்டாவது மூன்றாவது வாரத்தில் கொஞ்சம் சப்பென்று தோன்றலாம். பச்சை மிளகாய் ஊறுகாயும் காரச் சாந்தும் கேட்டால் தருவார்கள். எள் ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருந்தால் மட்டும் கவனம். ஸாத்தரிலும் ஹம்முஸிலும் எள் இருக்கிறது.

சத்வா பக்கம் போனால் இன்னும் மலிவான வழிகள் உண்டு. 1978 முதல் இருக்கும் ரவி ரெஸ்டாரண்ட் அங்கேதான். அந்த வட்டாரத்துப் பாகிஸ்தானி கடைகளில் வார இறுதிக் காலையில் அல்வா பூரியும் கொண்டைக்கடலையும் கிடைக்கும். பிலிப்பினோ கடைகளில் பூண்டுச் சோறு, பொரித்த முட்டை, இறைச்சி. அறைத் தோழர்களோடு, கையில் இருபது திர்ஹாமோடு கிளம்பும் தம்பிகளுக்கு இது நல்ல காலை.

எனக்கு மிகப் பிடித்தது கடைசியாக. பர் துபாயில் கிரீக் என்ற கடல் கழியின் ஓரத்தில் அல் ஃபஹீதி என்ற பழைய குடியிருப்பு இருக்கிறது. ஈரானின் பஸ்தக் பகுதியிலிருந்து வந்த வணிகர்கள் கட்டிய வீடுகள். அதனால் பஸ்தகியா என்றும் பெயர். பவளப் பாறையும் சாந்தும் வைத்துக் கட்டிய சுவர், மேலே காற்றை இறக்கும் கோபுரம், நடுவில் முற்றம். அந்த முற்றங்களில் சிலவற்றில் எமிராத்தி காலை உணவு பரிமாறுகிறார்கள். அரேபியன் டீ ஹவுஸ் அதில் பெயர் பெற்றது, 1997இல் தொடங்கியது. தலைக்கு 50 முதல் 90 திர்ஹாம் ஆகும். ஒரு தட்டை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம் என்பதால் குடும்பத்துக்கு அவ்வளவு ஏறாது.

தட்டில் முதலில் பலாலீத். ஏலக்காய், குங்குமப்பூ, சர்க்கரை போட்டு வதக்கிய சேமியா, அதன்மேல் உப்பு போட்ட ஆம்லெட். சேமியாவையும் முட்டையையும் சேர்த்து எடுத்து வாயில் போடுங்கள். இனிப்பும் உப்பும் ஒன்றோடொன்று சேரும் இடம் அருமையாக இருக்கும். சபாப் என்பது மஞ்சள் நிறத்தில் நம் ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி மெத்தென்ற தோசை. பேரீச்சம்பழப் பாகோடு சாப்பிடுவது. கமீர் என்பது லேசான இனிப்புள்ள, உப்பிய ரொட்டி. ரிகாக் மெல்லிய மொறு ரொட்டி, முட்டையோ சீஸோ தடவியது. மஹ்யாவா என்ற புளித்த மீன் சாறும் தடவுவார்கள், கருவாடு பிடித்தவர்கள் விட்டுவிடாதீர்கள். தங்கோ என்ற பெயரில் காய்ந்த மிளகாய் போட்ட வேகவைத்த கொண்டைக்கடலை வரும். கேட்டுப் பாருங்கள், நம் சுண்டலை நினைத்துக்கொண்டு சாப்பிடலாம். கூடவே ஏலக்காய் போட்ட அரபுக் காபி, கஹ்வா. முட்டை தொடாத சைவர்கள் பலாலீத்தில் ஆம்லெட் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சபாப், கமீர் மாவில் முட்டை சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடலையும் பயறும் அவர்களுக்கு நிச்சயம்.

ஏலக்காய், மஞ்சள், மிளகாய், அரிசி என்று இந்தச் சமையலில் நமக்கு அறிமுகமான வாசனை வருவது தற்செயல் இல்லை. இந்தக் கிரீக்கில் வந்து நின்ற மரக்கலங்கள் பம்பாய்க்கும் குஜராத்துக்கும் மலபாருக்கும் போய்வந்தவை. 1966 வரை இந்தப் பகுதியில் புழங்கிய பணமே ரூபாய்தான். 1959 முதல் இந்திய ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி நோட்டு அச்சிட்டது. பிள்ளைகளிடம் அந்த முற்றத்தில் உட்கார்ந்து இதைச் சொல்லிப் பாருங்கள், தட்டில் இருப்பதை வேறு மாதிரிப் பார்ப்பார்கள்.

அதே குடியிருப்பில் ஷேக் முகமது கலாசாரப் புரிந்துணர்வு மையம் இருக்கிறது. அங்கே முன்பதிவு செய்து போனால் தரையில் விரிப்பில் உட்காரவைத்து எமிராத்தி உணவு தருவார்கள். எமிராத்தி ஒருவர் உடன் உட்கார்ந்து, உடை, திருமணம், தொழுகை என்று எதைக் கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்வார். எத்தனையோ வருஷம் இங்கே இருந்தும் ஒரு எமிராத்தியோடு அலுவல் பேச்சைத் தாண்டிப் பேசாதவர்கள் நம்மில் நிறைய. காலை உணவு எந்த நாட்களில் என்பதை அவர்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்; ஓட்டல் பிரன்ச்சுக்கு வைத்திருந்த காசில் ஒரு பகுதியை இதற்கு வைத்தால் நான் சந்தோஷப்படுவேன்.

குறை இல்லாமல் இல்லை. மே மாதத்திலிருந்து செப்டம்பர்வரை முற்றத்தில் உட்கார்ந்தால் வியர்வையிலேயே குளித்துவிடலாம். அந்த மாதங்களில் குளிரூட்டிய லெபனான் கடைதான் புத்திசாலித்தனம். ரமலானில் இந்த ஒப்பீடே மாறிவிடும். 2021 முதல் துபாய் உணவகங்கள் பகலில் திரை போட வேண்டியதில்லை என்றாலும் சிறிய கடைகள் பல அடைத்திருக்கும், ஓட்டல் பிரன்ச்சுகளில் பலவும் நிற்கும். அந்த மாதம் நண்பர்களோடு மாலை நோன்பு திறக்கும் வேளைக்குப் போங்கள், காலையை வீட்டுக்கே விட்டுவிடுங்கள்.

ஞாயிறு ஒரே நாள் லீவு உள்ளவர்களுக்கு: மெட்ரோ அன்று காலை எட்டு மணிக்குத்தான் ஓடத் தொடங்கும், அதற்கு முன்னால் நிலையத்துக்குப் போய் நிற்க வேண்டாம். வண்டி உள்ளவர்களுக்கு ஞாயிறு பொதுச் சாலைப் பார்க்கிங் இலவசம். சனிக்கிழமை காசு கட்ட வேண்டும். அல் ஃபஹீதியில் ஒன்பதரைக்குள் உட்கார்ந்துவிட்டால் சுற்றுலாக் கூட்டம் வருவதற்குள் சாப்பிட்டு முடிக்கலாம். அங்கிருந்து துணிச் சந்தை வழியாக நடந்தால் அப்ரா என்ற படகு நிற்கும் துறை. ஒரு திர்ஹாம் கொடுத்துக் கிரீக்கைக் கடந்து தேராவில் இறங்கி, மசாலாச் சந்தையில் வீட்டுக்கு ஏலக்காயும் ஸாத்தரும் வாங்கிக்கொண்டு மதியத்துக்குள் திரும்பிவிடலாம்.